மதிப்பூதியமாம் மதிப்பூதியம்!

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி வரை பரந்து கிடக்கும் வானம் பார்த்த கரிசலில், விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் ஏழையர்க்குக் கஞ்சி வார்ப்பது சீமைக்கருவேல்தான். அதனை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கும் வேலைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போகின்றனர். கைக்குழவியை எங்கே விடுவது? கிளையில் தூளி கட்டுவர். புகையிலேயே அது கிடக்கும். அன்றேல் ஏழு அகவை அக்காளைப் பள்ளியினின்று நிறுத்திக் காவல் வைப்பர். நகரத்துள் தறிமுன் அமரும் தாய்க்கும், நூற்பாலைக்குப் போகும் தாய்க்கும் இதே இடர்தான்.

குழந்தை நலங் காக்கவென நடுவணரசு 1975 அக்தோபர் 2-ஆம் நாள் ஒரு திட்டந் தொடங்கிற்று. அதன் மனைக்கு இட்ட பெயர் ‘அங்கன்வாடி’! முற்றம், முன்றில் என நம் மொழியிற் சொல் இருக்க, ‘மழலையர் முன்றில்’ என்றழைத்தால் எந்தக் குழந்தைக்கு நோகும்? பின்னர் ‘போசண்’ வந்தது, ‘சக்சம்’ வந்தது, ‘பால்னா’ வந்தது. தனக்குரியது இன்னதென்று பெயராலேயே அறியமாட்டாத தாய், அதனைக் கேட்டுப் பெறுவது எங்ஙனம்?

எனினும் இந்திப் பெயரினுங் கொடியதொன்று நல்ல தமிழுக்குள்ளேயே ஒளிந்து நிற்கின்றது. அதுதான் ‘மதிப்பூதியம்’. குழந்தைக்குச் சோறாக்கி, பாட்டுச் சொல்லி, எடை பார்த்து, ஏடெழுதும் பெண்ணைத் தில்லி ‘தொண்டர்’ என்கின்றது. தொண்டர்க்குச் சம்பளம் ஏது? ஆகவே 2018-இல் பணியாளர்க்குத் திங்களுக்கு 4,500 உருபாவும் உதவியாளர்க்கு 2,250 உருபாவும் தன் ‘மதிப்பாக’ அது வகுத்தது. பெயரை மாற்றிக் கூலியைக் குறைக்கும் சூழ்ச்சி இது! தமிழ்நாட்டரசு தன் பொருளையுஞ் சேர்த்துச் சிறப்புக் காலமுறை ஊதியம் தருதலால் இங்கு நிலை சற்று மேல். அதனால் தில்லி செய்தது அறமாகிவிடாது. 2022 ஏப்பிரல் 25-இல் இந்தியத் தலைமை நயன்மன்றமே, இவர்கள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடைக்கு உரியர், பெறுவது ஊதியமே என்று தீர்ப்புரைத்தது. சொல்லின் முகத்திரையை நயன்மன்றம் கிழித்த பின்னும் நம்மவர் அச்சொல்லையே எழுதிக் கொண்டிருப்பது ஏன்?

குழந்தைக்கு நாளொன்றுக்கு 2017-இல் வகுத்த உணவுச் செலவு 8 உருபா. அதிலும் பாதி மாநிலத்தின் தலையில். அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் இதற்கு ஒரு குவளைத் தேநீர் வாராது. காப்பகம் நடத்துந் தொண்டமைப்புகளுக்கான நல்கையையும் அதே ஆண்டில் நூற்றுக்கு 60, 30, 10 எனப் பங்கிட்டனர். கடைசிப் பத்து, நடத்துவோர் பொறுப்பு. கரிசற்காட்டுச் சிறு மாதர் குழுவொன்று அப்பத்தை எங்கே போய்த் தேடும்? 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலைச் சட்டமோ, வேலைக்களத்தில் ஆறு அகவைக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் இருப்பின் அவர்களைக் காக்க ஒரு பெண்ணை அமர்த்தப் பணித்தது. எத்தனைக் கண்மாய்க்கரையில் அவள் கண்ணிற் பட்டாள்?

வெள்ளையன் ஆண்ட 1920-இலேயே, நயன்மைக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி தர முடிவெடுத்தது. தொடக்கக் கல்விப் பணத்தை அதற்குச் செலவிடலாகாதென ஆங்கிலவரசு 1925-இல் தடுத்தது வேறு செய்தி. காமராசர் 1956-இல் பள்ளிதோறும் அடுப்பேற்றினார். அவர் பிறந்த விருதுநகர் இங்கிருந்து கூப்பிடு தொலைவு. ம.கோ.இரா. 1982-இல் இரண்டு அகவைப் பிள்ளைக்கும் உணவளித்தார். இரண்டுக்குக் கீழ்ப்பட்ட குழவிக்கோ இன்னமும் வீட்டுக்குக் கொண்டுபோகும் மாவுப் பொட்டலந்தான். தாய் திரும்பும் வரை மடியில் வைத்திருக்க ஆளில்லை.

அருப்புக்கோட்டை நகராட்சியும் திருச்சுழி ஒன்றியமும் தில்லியின் கையை எதிர்பார்த்திராமல் தம் வருவாயினின்றே இதனைத் தொடங்கலாம். தறிக்காரர் தெருவில் குடிக்கூலிக்கு ஓர் அறை. விடியல் முதல் விளக்கேற்றும் வரை திறந்த கதவு. அத்தெருத் தாயர் இருவர்க்கு வேலை. வரும் வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு இடமுண்டா என்று தத்தம் உறுப்பினரைத் தமிழன்பர்கள் நேரிற் சென்று கேட்டல் வேண்டும். இடந்தந்தால், பதிவேட்டில் அவ்விருவர் பெயருக்கு நேரே ‘சம்பளம்’ என்றே எழுதச் செய்தலும் வேண்டும்.