ஒஷ்கோஷ் வான்விழாவில் ஏழு இலட்சம் பேர்: பெருகியது யார்?

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள ஒஷ்கோஷ், எழுபதினாயிரம் பேர்கூட வாழாத ஒரு சிறிய நகரம். ஆனால் ஆண்டுதோறும் யூலை மாதக் கடைசியில் ஒரு வாரம், அங்குள்ள விட்மன் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம் உலகிலேயே பரபரப்பான கோபுரமாகிவிடும். சொந்த விமானத்தை ஓட்டி வருபவர்கள் புல்தரையில் அதை நிறுத்தி, இறக்கையின் கீழ் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். 2025 இல் இந்த விழாவுக்கு 704,000 பேர் வந்தார்கள் என்றும், இது ஒரு சாதனை என்றும் விழாவை நடத்தும் சோதனை விமானச் சங்கம் அறிவித்தது.

இந்தச் சங்கத்தை 1953 இல் போல் பொபெரெஸ்னி தொடங்கினார். வீட்டுக் கொட்டிலில் தாமே விமானம் கட்டியவர்களின் கூட்டம் அது. அந்த ஆண்டு மில்வோக்கியில் நடந்த முதல் ஒன்றுகூடலுக்கு இருநூறு பேர்கூட வரவில்லை. விழா 1959 இல் றொக்ஃபோர்ட்டுக்கும், 1970 இல் ஒஷ்கோஷுக்கும் இடம் மாறியது.

அண்மைக் கால எண்ணிக்கையைப் பார்ப்போம். 2016 இல் 563,000. 2019 இல் 642,000. கொவிட் காரணமாக 2020 இல் விழா நடக்கவில்லை. 2021 இல் 608,000. அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஏற்றம்தான். இவை ஏற்பாட்டாளர்களின் சொந்த மதிப்பீடுகள் என்பதால் கடைசி ஆயிரம்வரை நம்பத் தேவையில்லை. போக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது.

ஆனால் அதே அறிக்கைகளில் இன்னொரு எண்ணும் உண்டு. வந்திறங்கிய விமானங்கள் 2016 இலும் பத்தாயிரத்துக்கு மேல். 2025 இலும் பத்தாயிரத்துக்கு மேல். ஒன்பது ஆண்டுகளில் ஒன்றரை இலட்சம் பேர்வரை கூடியிருக்கிறார்கள். விமானங்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை. அப்படியானால் புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் காரில் வந்த பார்வையாளர்கள்.

இதற்கு இடப் பற்றாக்குறை ஒரு காரணம். புல்தரைக்கு ஓர் எல்லை உண்டு. 2010 இல் பெருமழையில் நிலம் சேறாகி, வந்த விமானங்களை வேறு நிலையங்களுக்கு அனுப்ப நேர்ந்தபோது அது எல்லோருக்கும் விளங்கியது. மற்றக் காரணம் பெரியது. அமெரிக்காவில் 1980 இல் விமானி உரிமம் வைத்திருந்தவர்கள் 827,000 பேர். 2016 இல் அது 584,000 ஆகச் சுருங்கியது. பின்னர் எண்ணிக்கை ஏறியதில், மாணவ விமானிகளின் உரிமம் காலாவதியாகாது என்ற விதி மாற்றத்துக்கும் பங்கு உண்டு. நான்கு இருக்கைகள் கொண்ட புதிய செஸ்னா ஒன்றின் விலை இன்று நான்கு இலட்சம் டொலரைத் தாண்டுகிறது. சாதாரணச் சம்பளக்காரருக்கு அது எட்டாக்கனி.

வெளிநாட்டவர் வருகையும் இந்த ஏற்றத்தை விளக்காது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தாலும், பதிவு செய்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். 2021 யூலையில் கனடியர்களுக்கு அமெரிக்கத் தரைவழி எல்லை மூடியே இருந்தது; கூட்டம் ஆறு இலட்சத்தைத் தாண்டியது. 2025 யூலையில் காரில் அமெரிக்கா போய்த் திரும்பிய கனடியர்களின் பயணங்கள் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. விழாவோ சாதனை படைத்தது. இது உள்நாட்டுக் கூட்டம்.

பார்வையாளர் பெருகுவது நல்லதுதான். அவர்களின் நுழைவுச்சீட்டுப் பணம் இல்லாமல் விழா நடக்காது. 2013 இல் அரசு செலவைக் குறைத்தபோது, அதுவரை இலவசமாகக் கிடைத்த விமானக் கட்டுப்பாட்டாளர்களின் சேவைக்காகச் சங்கம் ஏறத்தாழ நான்கரை இலட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. ஆனால் பார்ப்பவர் எல்லோரும் பறப்பவர் ஆகமாட்டார்கள். பறப்பவர்கள் குறைந்தால் ஒன்றுகூடல் என்பது போய் வெறும் கண்காட்சிதான் மிஞ்சும்.

சங்கத்துக்கும் இது தெரியும். 2022 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். 1992 இல் தொடங்கிய ‘இளம் கழுகுகள்’ திட்டத்தில், உறுப்பினர்கள் தங்கள் விமானத்தில் பிள்ளைகளை இலவசமாக ஏற்றிப் பறக்கிறார்கள். 2016 க்குள் இருபது இலட்சம் பிள்ளைகள் அப்படிப் பறந்துவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் நாளை இறக்கையின் கீழ் கூடாரம் அடிப்பார்கள் என்பதே ஒஷ்கோஷின் உண்மையான கணக்கு. விமானங்களுக்கு இடம் காட்டுவது முதல் குப்பை அள்ளுவது வரை அங்கு உழைக்கும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களின் இடத்தையும் அவர்கள்தான் நிரப்ப வேண்டும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் ஆண்டுதோறும் விழா எடுக்கும் எங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்பதே மறுநாள் பேச்சாக இருக்கும். விழா முடிந்து கதிரை அடுக்கியவர்களில் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் எத்தனை பேர் என்று நாங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அடுத்த விழாவில் அதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.