வைஃபை ஸ்கிரிப்ட்: தேடட்டும், ஆனா கேட்டுட்டு சேரட்டும்

லினக்ஸ்ல குப்பை கொட்டுற பல பேர்கிட்ட சொந்தமா எழுதின ஒரு வைஃபை ஸ்கிரிப்ட் இருக்கும். அக்கம்பக்கத்து நெட்வொர்க்கையெல்லாம் தேடி, சிக்னல் கூடுதலா இருக்கறதைப் பொறுக்கி, தானா இணைச்சு விடும். நாற்பது வரி ஷெல், அங்கங்க கொஞ்சம் கிரெப், கொஞ்சம் ஆக். "நெட்வொர்க் மேனேஜர் 2004-லேயே வந்தாச்சே, இன்னும் எதுக்குய்யா இது?"ன்னு கேக்கறவங்க உண்டு. திரையே இல்லாத ராஸ்பெர்ரி பையிலயும் பழைய மடிக்கணினியிலயும் இதுதான் கைகொடுக்குது. நானும் ஸ்கிரிப்ட் கட்சிதான்.

ஆனா ஒரு விஷயத்துல எனக்குக் கறாரான கருத்து உண்டு. தேடுறது ஸ்கிரிப்டோட வேலை. எதுல சேரணுங்கறது நம்ம முடிவு. இரண்டையும் ஒண்ணாக் கட்டினா வம்பு.

நெட்வொர்க்கோட பேரை, அதாவது எஸ்எஸ்ஐடியை, வைக்கிறது யாரு? ரவுட்டர் வச்சிருக்கற யாரு வேணாலும். 32 பைட்டுக்குள்ள இடைவெளி, மேற்கோள் குறி, டாலர் குறின்னு எல்லாம் செல்லும். நம்ம ஸ்கிரிப்டோ பெரும்பாலும் சூடோ போட்டு ரூட்டா ஓடுது. முன்பின் தெரியாத ஆள் வச்ச பேரைக் கொண்டுபோய் 'ஈவல்'ல போட்டா, பேருக்குள்ள அவர் ஒளிச்சு வச்ச கட்டளையும் ரூட் அதிகாரத்தோட ஓடும். அதனால ஈவல் பக்கமே போகாதீங்க. மாறியைச் சுத்தி மறக்காம இரட்டை மேற்கோள் போடுங்க.

அடுத்தது, வெளியீட்டைப் பிச்சு எடுக்கற வேலை. இதோட வெளியீடு நிலையானது இல்லை, இதைச் சுரண்டாதீங்கன்னு 'ஐடபிள்யூ' கட்டளையோட உதவிக் குறிப்பே சொல்லுது. நாம கேப்போமா? :-) 'என்எம்சிஎல்ஐ'ல ஸ்கிரிப்டுக்குன்னே 'மைனஸ் டி' இருக்கு. இருக்கற இடத்துல அதைப் பயன்படுத்தலாமே.

அப்புறம் பாஸ்வேர்டு. 'டபிள்யூபிஏ பாஸ்ஃப்ரேஸ்' கட்டளை அதை 64 எழுத்துச் சாவியா மாத்திக் குடுக்கும். கூடவே ஒரிஜினல் பாஸ்வேர்டையும் மேல கமெண்ட்டா எழுதி வச்சிடும்! அந்த வரியை அழிங்க. அந்தச் சாவி ஒண்ணு போதும் அந்த நெட்வொர்க்குல நுழைய, அதனால கோப்புக்கு 600 அனுமதியும் போடுங்க.

சரி, தானா சேரவே கூடாதா? சேரலாம், நாம எழுதிக் குடுத்த பட்டியல்ல இருந்து மட்டும். 2018-ல வந்த ஓபன்பிஎஸ்டி 6.4 இதை அழகாப் பண்ணுச்சு. 'ஐஎஃப்கான்ஃபிக்' கட்டளையிலயே 'ஜாயின்' வந்திடுச்சு. தெரிஞ்ச நெட்வொர்க்குகளை எழுதி வச்சா, இருக்கறதுல ஒண்ணைக் கர்னலே பார்த்து எடுத்துக்கும். தனி ஸ்கிரிப்டே வேண்டாம்.

பாஸ்வேர்டு இல்லாத திறந்த நெட்வொர்க்கை மட்டும் அந்தப் பட்டியல்ல போடாதீங்க. ரயில் நிலையத்துல இருக்கற அதே பேரைப் பக்கத்து இருக்கைக்காரர் தன் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு வச்சாலும், உங்க மெஷின் நம்பிப் போய் ஒட்டிக்கும். எச்டிடிபிஎஸ் நம்மைக் கொஞ்சம் காப்பாத்தும்தான். ஆனா வழி முழுக்க அவர் கையில இருக்கும். சிக்னல் அஞ்சு கோடு காட்டினா கருவி பக்கத்துல இருக்குன்னு தெரியும், வச்சிருக்கறது யாருன்னு தெரியாது.

ஆகவே புது நெட்வொர்க்குன்னா பட்டியலைக் காட்டி, "எதுல சேரட்டும்?"னு கேக்கற ஒரு 'ரீட்' வரியைச் சேருங்க. ஒரு எண்டர் தட்டுறதுல யாருக்கும் விரல் தேயாது :-)