பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைகளைக் கைவிடலாமா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் எமது ஊர்கள் கொள்ளும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. கோவில் முன்றலிலும் சனசமூக நிலையச் சுவரிலும் பிள்ளைகளின் படங்கள் ஏறுகின்றன, பொன்னாடைகள் போர்த்தப்படுகின்றன. ஆனால் அப்பிள்ளைகள் பெட்டியோடு பேருந்து ஏறிய பின்னர் அவர்கள் நிலை யாதென விசாரிப்போர் எத்தனை பேர்? முதலாம் ஆண்டின் நடுவிலே சத்தமின்றி வீடு திரும்பும் பிள்ளையைப் பற்றி ஊர் பேசுவதில்லை. 'படிப்பு ஓடவில்லை' என்ற இரண்டு சொற்களோடு ஒரு குடும்பத்தின் கனவு முடிந்துவிடுகிறது.

1970களில் தரப்படுத்தலை எதிர்த்து வீதிக்கு இறங்கிய சமூகம் எமது சமூகம். ஓர் இடத்தின் பெறுமதியை எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அரையாண்டு கழிந்தபின் ஒருவர் விலகினால், அவ்விடம் காத்திருந்த வேறொருவருக்குக் கிடைப்பதுமில்லை. வாசலிலே உரிமை கேட்டுப் போராடிய நாம், உள்ளே சென்றவர்களைத் தனியே விட்டுவிடுவது என்ன நியாயம்?

பதின்மூன்று ஆண்டுகள் தமிழிலே கற்ற பிள்ளை, மருத்துவ பீடத்திலோ பொறியியற் பீடத்திலோ முதல் நாளே ஆங்கில விரிவுரையை எதிர்கொள்கிறது. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். கேட்டால் நகைப்பார்களோ என்ற அச்சம். பணமுடையோ இன்னொரு புறம். காலபோகமும் சிறுபோகமும் ஆண்டுக்கு இருமுறையே பணம் தருவன. அறை வாடகையோ மாதந்தோறும் வந்து நிற்கிறது. 1981ஆம் ஆண்டு தொடங்கிய மகாபொல உதவிப்பணத்தை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்த 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. நன்று. ஆயினும் முதற் கொடுப்பனவு கைக்கு வருமுன் கழியும் மாதங்களிலேதான் தாயின் காப்பு அடகுக் கடைக்குப் போகிறது. தோட்டத்து லயத்திலிருந்து கிளிநொச்சி அறிவியல் நகருக்கு வரும் மலையகப் பிள்ளைக்கோ அடகு வைக்கவும் ஒன்றில்லை. வழிகாட்ட வீட்டிலே முன்னர் படித்தவருமில்லை.

இவையனைத்தினும் கொடியது பகிடிவதை. 'பகிடி'யையும் 'வதை'யையும் ஒரே சொல்லாகக் கட்டிய வாய் எவர் வாயோ அறியோம்; சட்டம் அதிலே பகிடி எதையும் காணவில்லை. 1997ஆம் ஆண்டு பேராதனையிலே தமிழ் மாணவர் ஒருவர் அதற்குப் பலியானார். மறு ஆண்டே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. உடலுக்கோ உள்ளத்துக்கோ ஊறு தரும் செயல் மட்டுமன்று, மனவேதனையோ அச்சமோ தரக்கூடிய செயலும் அதன்படி குற்றமாகும். வளாகத்துக்கு வெளியே, வாடகை அறையிலே நடந்தாலும் குற்றமே. தண்டனை 2 ஆண்டு வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நேர்ந்தால் 10 ஆண்டு வரை. பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடும் உண்டு. இத்துணை வலிய சட்டம் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஏட்டிலிருந்தும் வதை ஒழியவில்லை. ஏன்? முறைப்பாடு செய்யும் பிள்ளை அடுத்த நாளும் அதே உணவுச்சாலையில், அதே முகங்களின் நடுவே, தனியே அமர வேண்டியிருக்கிறது. சாட்சிக்கு ஒரு துணையில்லாதவிடத்துச் சட்டம் ஊமையாகிவிடுகிறது.

அத்துணையை நாம் கொடுக்கலாம். எமது பழைய மாணவர் சங்கங்கள் மதிலுக்கும் மண்டபத்துக்கும் திரட்டும் பணத்திலே ஒரு சிறு பங்கை, உதவிப்பணம் வரும் வரைக்கும் வட்டியில்லாக் கடனாக வழங்கட்டும். கமக்காரர் சங்கங்கள் ஒரு போகத்திலே பிள்ளைக்கு ஒரு மூடை அரிசியை ஒதுக்கினால் அதுவும் உதவியே. ஆங்கிலம் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும், பெறுபேறு வந்த நாளுக்கும் பீடம் திறக்கும் நாளுக்கும் இடைப்பட்ட நெடிய மாதங்களிலே, அவரவர் சனசமூக நிலையத்தில் வகுப்பு நடத்தலாம். முறைப்பாடு செய்யத் துணியும் பிள்ளைக்காகக் கட்டணமின்றி நீதிமன்றில் தோன்றச் சட்டத்தரணிகள் முன்வர வேண்டும். எமது தொழிலைச் சார்ந்தோரை முதலில் கேட்பதே முறையாதலின் இதனை அழுத்திக் கேட்கிறோம்.

கசப்பான இன்னொன்றும் உண்டு. எமது பிள்ளைகளை வதைப்போரிற் பலர் எமது பிள்ளைகளே. யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் புதியவரை முழந்தாளில் நிறுத்துபவன் வேற்றூரான் அல்லன். சென்ற ஆண்டு நாம் பொன்னாடை போர்த்தி அனுப்பியவன். விடுமுறைக்கு அவன் வீடு வரும்போது, "புதிதாக வந்த பிள்ளைகளை எப்படி நடத்துகிறாய்?" என்று தந்தையும் தாயும் நேருக்கு நேர் கேட்கட்டும்.