‘ஆள் வைச்சிருக்கிறம்’

எங்கட சனம் கதைக்கேக்க ஒரு வினைச்சொல்லைக் கவனிச்சிருப்பீங்கள். கார் வைச்சிருக்கிறம். கடை வைச்சிருக்கிறம். ஸ்காபரோவில இருந்த வீட்டை வித்துப்போட்டு இப்ப விட்பியில பெரிய வீடு வைச்சிருக்கிறம். கொஞ்ச வருஷமாக அந்த வரிசையில இன்னொண்டும் சேர்ந்திருக்கு: “பிள்ளை பார்க்க வீட்டோட ஒரு ஆள் வைச்சிருக்கிறம்.”

அந்த ஆள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸில் இருந்து வந்த பெண். சில வீடுகளில் ஊரில இருந்து விசிற்றர் விசாவில் வந்து அகதிக் கோரிக்கை போட்டுவிட்டுக் காத்திருக்கிற ஒரு அன்ரி. எந்த நாட்டுக்காரி என்றாலும் படுக்கிற இடம் பேஸ்மென்ற்தான். ‘வைச்சிருக்கிறம்’ என்ற சொல்லும் ஒன்றுதான்.

ஆள் வைச்சிருக்கிறவை புதிதாக ஆள் எடுக்கிறவைக்குச் சொல்லுற அறிவுரைகளை நான் பிறந்தநாள் கொண்டாட்டங்களில, ஹோல்களில, சாப்பாட்டு வரிசையில நிண்டு நிறையக் கேட்டிருக்கிறன். “பாஸ்போட்டை நீங்களே வாங்கி வையுங்கோ, அவை துலைச்சுப் போடுவினம்.” “தொடக்கத்திலயே லீவு குடுத்துப் பழக்காதேங்கோ.” “சம்பளத்தில பாதியைப் பிடிச்சு வையுங்கோ, போகேக்க மொத்தமாக் குடுக்கலாம், அவவுக்குத்தானே சேமிப்பு.” “பார்க்குக்கு அடிக்கடி அனுப்பாதேங்கோ, மற்ற நானிமாரோட சேர்ந்தால் சம்பளம் கதைக்கத் தொடங்கிடுவா.” கடைசியில, எல்லாத்துக்கும் மேல சீனி தூவுற மாதிரி: “எண்டாலும் நாங்கள் அவவை வீட்டில ஒருத்தி மாதிரித்தான் வைச்சிருக்கிறம்.”

முதல் நாலும் அப்பட்டமான அநியாயம், வாதாடத் தேவையில்லை. பாஸ்போட்டைப் பிடித்து வைப்பது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். ஆள் எடுத்துத் தந்ததற்கு என்று அவளிடம் காசு வாங்குவதும் சட்டவிரோதம். இதற்கென்றே 2009 இல் ஒரு சட்டம் நிறைவேறி 2010 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. என்ர சண்டை ஐந்தாவது வசனத்தோட. ஏனென்றால் அதை நல்ல சனமும் சொல்லுது. எங்கட அம்மாமார் சொல்லுகினம். முற்போக்கு என்று சொல்லிக்கொள்கிற நாங்களும் கேட்டுத் தலையாட்டுறம்.

வீட்டில ஒருத்திக்கு மணித்தியாலக் கணக்கு இல்லை. வீட்டில ஒருத்தி விடிய ஐந்தரைக்கு எழும்பித் தேத்தண்ணி போட்டால் அது வேலை இல்லை, பாசம். இரவு பத்து மணிக்குப் பிள்ளை அழ, அவள் ஏறி வந்து தூக்கினால் அது ஓவர்ரைம் இல்லை, “அவவோடதான் பிள்ளைக்கு ஒட்டு.” வீட்டில ஒருத்தி சம்பளம் கூட்டிக் கேட்டால் அது பேரம் இல்லை, நன்றிகெட்ட தனம். இந்த ஒரு வசனத்தை வைத்தே அவளுடைய நாளில் பாதியை எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் உறுத்தாது. ஆனால் வீட்டில ஒருத்திக்குக் கிடைக்க வேண்டிய மற்றது எதுவும் அவளுக்குக் கிடையாது. குடும்பப் படத்தில் அவள் இல்லை. ஹோலில் எல்லாரும் சாப்பிட்டு முடியும் வரைக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் நிற்கிறது அவள்தான்.

கணக்குப் பார்ப்பம். விட்பியில் இருந்து ரொறன்ரோ டவுன்ரவுணுக்கு வேலைக்குப் போற தாய் தகப்பன் விடிய ஆறரைக்கு முதல் கோ ரெயினைப் பிடிக்க வேண்டும். திரும்பி வர ஆறரை ஏழு. ஆக, வீட்டில் இருப்பவளின் வேலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு எட்டுக்கு முடிகிறது. பிள்ளை நித்திரை கொள்ளும் ரெண்டு மணித்தியாலத்தை ஓய்வு என்று கழித்தாலும் (அந்த நேரத்தில்தான் உடுப்புத் தோய்க்கிறது என்பதை விடுவோம்) நாளுக்கு 12 மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாளில் 60. ஒன்ராறியோவின் அடிப்படைச் சம்பளம் 2025 ஒக்ரோபர் 1 இல் இருந்து மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். 44 மணித்தியாலத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. முதல் 44 மணித்தியாலத்துக்கு 774.40, மிச்சம் 16க்கு 422.40. மொத்தம் கிழமைக்கு 1,196.80. மாதத்துக்கு 5,000 டொலருக்கு மேல்.

இப்ப, “மாசம் 2,000 கையில, தங்கல் சாப்பாடு ஃப்ரீ” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், மணித்தியாலத்துக்கு எட்டு டொலரும் வரவில்லை என்று அவருக்கு அந்த இடத்திலேயே வகுத்துக் காட்டுங்கோ. தங்கலையும் சாப்பாட்டையும் காட்டித் தப்பவும் ஏலாது. தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டத்தில் எடுத்த பராமரிப்பாளரை வீட்டோட தங்க வைத்தால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் காசு கழிக்கக் கூடாது என்பது சட்டம். மற்ற வீட்டு வேலையாளர்களிடமும் அறைக்கென்று தனி அறை குடுத்தால் மட்டுமே கழிக்கலாம், அதுவும் கிழமைக்கு 31.70 டொலர். பேஸ்மென்றில் துணி தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் திரைச்சீலை கட்டின மூலைக்கு ஒரு சதமும் கழிக்க முடியாது. நாளுக்குத் தொடர்ச்சியாக 11 மணித்தியாலம் ஓய்வு. வேலை நேரமும் சம்பளமும் எழுத்தில். கிழமைக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் வேலைக் காயக் காப்புறுதியில் வீட்டுக்காரர் பதிய வேண்டும். இதெல்லாம் எங்கட கற்பனை சோசலிசம் இல்லை, டக் ஃபோர்ட் ஆளுகிற ஒன்ராறியோவின் சட்டம்.

“சட்டம் இருக்குத்தானே, பிறகென்ன” என்று கேட்பீர்கள். இருக்கிற சட்டத்தை யார் கேட்டு வாங்குவது? அவளுடைய வேர்க் பேர்மிற்றில் ஒரே ஒரு முதலாளியின் பெயர்தான் இருக்கு. அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டால் வேலை, கூரை ரெண்டும் ஒரே நாளில் போகும். 2019 இல் இருந்து, துன்புறுத்தலுக்கு ஆளானவர்களுக்குத் திறந்த வேர்க் பேர்மிற் குடுக்கிற ஒரு வழி இருக்கு. அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மற்றவர் வீட்டுச் சமையலறைக்குள் நடந்ததற்கு என்ன ஆதாரம்? 2023 இல் கனடாவுக்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் தொமோயா ஒபொகாத்தா, இந்தத் தற்காலிகத் தொழிலாளர் திட்டம் நவீன அடிமைத்தனம் முளைக்கிற நிலம் என்று சொல்லிப்போட்டுப் போனார். ஒட்டாவா கோபப்பட்டது. பேர்மிற் மாறவில்லை.

பார்க் விசயத்துக்கு வருவம். நானிமார் சேர்ந்து கதைத்தால் சம்பளம் கதைப்பினம் என்று பயப்படுகிற அன்ரியைப் பார்த்து நாங்கள் சிரிக்கிறம். ஒன்ராறியோ அரசும் அந்த அன்ரியும் ஒரே கட்சி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1995 ஆம் ஆண்டு தொழில் உறவுகள் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, தனியார் வீட்டில் வேலை செய்கிற வீட்டுப் பணியாளருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லுது. அதாவது தொழிற்சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம் பேசும் பாதுகாப்பு அவளுக்கு இல்லை. அமேசன் கிடங்குத் தொழிலாளருக்காக நாங்கள் போட்ட பதிவுகளை எண்ண ஏலாது. இந்தப் பிரிவைப் பற்றி இந்த மடலிலேயே இதுவரை ஒரு வரி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டுப் பணியாளர் உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கை, இலக்கம் 189, 2011 இல் வந்தது. கனடாவும் கையெழுத்து வைக்கவில்லை, இலங்கையும் வைக்கவில்லை. எங்கட ரெண்டு நாடும் ஒத்துப்போகிற அபூர்வமான விசயம் இது.

இந்த நாட்டில் இது புதுக்கதை இல்லை. 1955 இல் ஜமெய்க்கா, பார்படோஸில் இருந்து கல்யாணம் கட்டாத, பிள்ளை இல்லாத இளம் பெண்களைக் கொண்டுவந்தார்கள். ஒரு வருஷம் வீட்டு வேலை செய்தால் நிரந்தரமாகத் தங்கலாம். பிள்ளை இருப்பதை மறைத்து வந்த ஏழு ஜமெய்க்காத் தாய்மாரை 1970களின் கடைசியில் நாடு கடத்தப் பார்த்தது அரசு. உழைக்க நாங்கள் போதும் என்றால் இருக்கவும் போதும் என்ற முழக்கத்தோட ரொறன்ரோவில் சனம் இறங்கினது, அந்தத் தாய்மார் வென்றார்கள். 1979 இல் இன்ரர்சீட் என்ற வீட்டுப் பணியாளர் அமைப்பு இங்கேதான் தொடங்கினது. 1992 இல் வந்த பராமரிப்பாளர் திட்டம் முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினது, 2014 நவம்பர் வரைக்கும். 24 மாதம் அப்படி உழைத்த பிறகுதான் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகும் வருஷக் கணக்கில் காத்திருப்பு, பிள்ளைகள் மனிலாவில் தாயை ஸ்கிரீனில் பார்த்து வளர்ந்தார்கள். வுவானா தெஹாடா என்ற பராமரிப்பாளர் அந்த 24 மாதத்தையும் முடித்துவிட்டு விண்ணப்பித்தா. மருத்துவப் பரிசோதனையில் புற்றுநோய் தெரிய வந்தது. நாட்டுக்குச் செலவு என்று மறுத்தார்கள். போராட்டத்துக்குப் பிறகு 2008 இல் வதிவிடம் குடுத்தார்கள், 2009 மார்ச்சில் இறந்துபோனா. அந்த ரெண்டாவது மருத்துவப் பரிசோதனை 2010 இல் எடுக்கப்பட்டது.

2009 என்றதும் எங்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். மே 10, கார்டினர் நெடுஞ்சாலை. எங்கட அம்மா அப்பா பிள்ளை வண்டிலோட ஏறி நிண்ட அதே மே மாதத்தில், பிராம்ப்டன் எம்.பி. ஒருவரின் குடும்ப வீட்டில் தங்களுக்கு அநியாயம் நடந்தது என்று பராமரிப்பாளர்கள் பத்திரிகைக்கும் நாடாளுமன்றக் குழுவுக்கும் சொன்னார்கள். எம்.பி. மறுத்தார். சரி பிழை இருக்கட்டும். தங்கட பெயரை, விசாவைப் பணயம் வைத்து ஒட்டாவாவுக்குச் சாட்சி சொன்ன பெண்கள் ஒரு பக்கம், உலகமே எங்களைப் பார்க்கவில்லை என்று தெருவில் கத்தின நாங்கள் இன்னொரு பக்கம். ஒரே நகரம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஊர்க் கணக்கும் இருக்கு. மலையகத்தில் இருந்து பெண் பிள்ளைகளைக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்து வீடுகளில், கொழும்பு வீடுகளில் வேலைக்கு வைத்த பழக்கத்தை எங்கட பெரியவை இப்பவும் ஏதோ தானதர்மம் போலக் கதைக்கினம்: “நாங்கள்தான் சாப்பாடு போட்டு வளர்த்தனாங்கள்.” அந்தப் பிள்ளைக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய். 2021 யூலையில், டயகமவில் இருந்து கொழும்பில் ஓர் அரசியல்வாதி வீட்டுக்கு வேலைக்குப் போன 16 வயது ஹிஷாலினி தீக்காயங்களோட செத்துப்போனா. நாங்கள் எல்லாரும் பதிவு போட்டம். 2013 சனவரியில் சவூதியில் தலை வெட்டப்பட்ட மூதூர் ரிசானா நபீக்குக்காக அழுதம். வயதைக் கூட்டிப் போட்ட பாஸ்போட்டில் வேலைக்குப் போன பிள்ளை அவள். அழுதது பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிவுகளைப் போட்ட வீடுகளில் சிலதில், அந்த நேரம் கீழே யாரோ ஒருத்தி கோப்பை கழுவிக்கொண்டு இருந்தாள்.

மறுப்பு வரும், எனக்குத் தெரியும். “டேகேர் ஆறு மணிக்குப் பூட்டுது, அப்பா இரவு சிஃப்ற், அம்மம்மாவுக்கு மறதி, தமிழ் கதைக்கிற முதியோர் இல்லத்துக்கு வருஷக்கணக்கில வரிசை. என்ன செய்யச் சொல்லுறாய்?” நியாயமான கேள்வி. ஆள் எடுக்கிறவை எல்லாரும் பணக்காரரும் இல்லை. எங்கட தாய்மாரில் எத்தனையோ பேர் மற்றவையின்ர பெற்றோரைக் குளிப்பாட்டுற வேலைக்குப் போய்த்தான் எங்களைப் படிப்பிச்சவை. (சூப்பர் விசாவில் கூப்பிட்டுச் சம்பளமே இல்லாமல் பேரப்பிள்ளை பார்க்க வைக்கிற அம்மம்மாமாரைப் பற்றி வேறொரு மடலில் எழுத வேண்டும்.) பராமரிப்பை அரசு தன்ர பொறுப்பு இல்லை என்று தள்ளிவிட்டதால்தான் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனி முதலாளி ஆகுது. ஆனால் என்ன காரணத்துக்காக முதலாளி ஆனாலும் முதலாளி முதலாளிதான். எங்கட நெருக்கடியை இன்னொருத்தியின்ர இரவில் இருந்து வெட்டி எடுத்து அடைக்க ஏலாது. முறையான சம்பளம் குடுக்கக் கட்டாது என்றால், மணித்தியாலத்தைக் குறையுங்கோ, ரெண்டு மூண்டு குடும்பம் சேர்ந்து சட்டப்படி ஒரு ஒழுங்கு செய்யுங்கோ, இல்லாட்டில் ஆள் எடுக்காதேங்கோ.

சொந்த ஊர் அன்ரியை வைத்திருக்கிற வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். பிலிப்பீன் பெண்ணுக்குத் தேவாலயம் இருக்கு, ஒரு கூட்டம் இருக்கு, ஞாயிற்றுக்கிழமை இருக்கு. எங்கட அன்ரிக்குத் தெரிஞ்ச எல்லாருமே வீட்டுக்காரருக்கும் தெரிஞ்ச ஆக்கள். முறைப்பாடு செய்தால் அந்தக் கதை ஒரு கிழமைக்குள் ஊருக்குப் போய்ச் சேரும். “உன்னை ஆர் இஞ்ச கூப்பிட்டது” என்று கேட்பினம். சாதி தெரிந்தால் எந்தக் கோப்பையில் தேத்தண்ணி என்பதும் முடிவாகிடும்.

ஆகவே, தோழர்களே, ரெண்டு இடத்தில் வேலை இருக்கு. ஒன்று வெளியில். 2025 மார்ச் 31 அன்று அரசு திறந்த புதுப் பராமரிப்பாளர் வதிவிடத் திட்டம் திறந்த கையோட நிரம்பிப்போச்சு. வந்து இறங்கும்போதே நிரந்தர வதிவிடம் என்பது எல்லாப் பராமரிப்பாளருக்கும் வேண்டும், ஒதுக்கீட்டுக்குள் ஓடிப் பிடிக்கிறவருக்கு மட்டும் இல்லை. ஒரே முதலாளிக்குக் கட்டிவைக்கிற பேர்மிற் போக வேண்டும். 3 ஆம் பிரிவில் அந்த வரியை வெட்ட வேண்டும். பிலிப்பைன்ஸ் தொழிலாளர் அமைப்புகள் இதை வருஷக்கணக்காகக் கேட்குது. அவர்களுடைய ஊர்வலத்துக்கு நாங்கள் போய்ப் பின்னால நிண்டால் போதும், தலைமை தாங்கத் தேவையில்லை.

மற்றது வீட்டுக்குள். வீட்டில், மாமா வீட்டில், நண்பரின் வீட்டில் ஆள் இருக்கிறா என்றால், பெற்றோரோட கதைக்கிறது எங்கட வேலை. இங்கிலிசில் ஒப்பந்தம் வாசிக்கத் தெரிந்த ஆக்கள் நாங்கள்தானே. வேலை தொடங்கின நேரம், முடிந்த நேரம் அவவின்ர கையால் எழுதின கொப்பி ஒன்று. வங்கிக் கணக்கில் சம்பளம், பே ஸ்ரப்போட. உள்ளே பூட்டக் கூடிய கதவு. வீட்டுத் திறப்பு ஒன்று அவவின்ர கையில். பாஸ்போட் அவவின்ர பையில். எட்டு மணிக்குப் பிறகு பிள்ளை அழுதால் அப்பா எழும்பட்டும். “அக்கா, ஒருக்கா” என்று கூப்பிட முதல் அவவின்ர நேரம் முடிஞ்சுதா என்று பாருங்கோ. அம்மா “வீட்டில ஒருத்தி மாதிரி” என்று தொடங்கினால், அப்ப பிலிப்பைன்ஸில இருக்கிற அவவின்ர மகளின்ர பெயர் என்ன என்று கேளுங்கோ.

விட்பி, ஏஜாக்ஸ், பிக்கரிங் பக்கம் இருக்கிறவை உங்கட மாகாண உறுப்பினருக்கு 3 ஆம் பிரிவைப் பற்றி இந்த மாதமே எழுதுங்கோ. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறன், இந்த மடலுக்குப் பதில் போட்டால் அனுப்பிவிடுறன். பதில் வந்தால், அல்லது வராவிட்டாலும், எங்களுக்கு அறியத் தாங்கோ.