இணைய வேலை பள்ளியிலேயே முடியட்டும்

இரவு 8 மணிக்கு வகுப்பின் புலனக்குழுவில் ஆசிரியரின் செய்தி வந்து விழுகிறது. காணொலியைப் பார்த்துவிட்டு, கூகள் ஃபார்மில் பத்துக் கேள்விக்குப் பதில் எழுதி, காலைக்குள் அனுப்ப வேண்டும். தானா ராத்தா கடைவீதிக்குப் பின்னால் குடியிருக்கும் பிள்ளை அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடும். அதே வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் தோட்டத்துப் பிள்ளையின் வீடோ பள்ளத்தாக்கில் இருக்கிறது. தொடர்புக் கோபுரம் மேட்டுக்கு அந்தப் பக்கம். வீட்டில் ஒரே கைத்தொலைபேசி. அது காய்கறி லாரியில் கோலாலம்பூர் போயிருக்கும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் திரும்பி வந்தாலும் எஸ்.பி.எம். எழுதப்போகும் அக்காவுக்குத்தான் முதல் உரிமை. மறுநாள் ஆசிரியரின் பட்டியலில் இந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே 'அனுப்பவில்லை' என்று விழும். நாலு தடவை அப்படி விழுந்தால் 'பொறுப்பில்லாத பிள்ளை' என்ற பேர் ஒட்டிக்கொள்ளும்.

கேமரன் மலையில் இது நிற்க வேண்டும். இணையம் இல்லாமல் செய்ய முடியாத எந்த வேலையையும் படிவம் 1 முதல் படிவம் 3 வரையிலான மாணவர்களுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுக்கக் கூடாது. அந்த வேலை பள்ளிக்கூடத்திலேயே, பள்ளியின் கருவியில், பள்ளியின் இணையத்தில் முடிய வேண்டும். நல்லெண்ணம் உள்ள ஆசிரியர்கள் தாங்களாகவே இப்படிச் செய்துவருவதை நாம் அறிவோம். தனி ஆசிரியரின் இரக்கத்தை நம்பியிருக்கும் ஏற்பாடு போதாது. விதியாக வர வேண்டும்.

ஏன் இந்த மூன்று படிவங்கள்? தோட்டத்துப் பிள்ளை ஆறாம் ஆண்டுவரை வீட்டுக்கு அருகிலேயே படித்துவிடுகிறது. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று தோட்டத்தின் பெயரையே தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இந்த மலையில் உண்டு. சிறிய பள்ளிகள், ஆசிரியருக்கு ஒவ்வொரு குடும்பமும் தெரியும். 13 வயதில் அந்தப் பிள்ளை பேருந்தேறி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. பாடமொழி மலாய் ஆகிறது. சிலர் முதலில் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டியிருக்கிறது. முகம் தெரியாத ஆசிரியர்கள், பெரிய வகுப்பு, பக்கத்தில் சீன நண்பன், பின் வரிசையில் செமாய் கிராமத்திலிருந்து வரும் ஓராங் அஸ்லி தோழி. இத்தனை மாற்றமும் ஒன்றாகச் சேரும் வயதில்தான் இயங்கலை வேலையும் தலையில் ஏறுகிறது. செமாய்ப் பிள்ளையின் நிலை தோட்டத்துப் பிள்ளையின் நிலையைவிடக் கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாம் கேட்கும் விதி அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

இதில் மதிப்பெண்ணும் கலந்திருக்கிறது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். நீங்கியது, 2022இல் பி.டி.3 நீங்கியது. இரண்டையும் நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் பெரிய தேர்வு போன இடத்தில் வகுப்பறை மதிப்பீடு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஃபோலியோவும் செயல்திட்டமும் படக்காட்சியும் பிள்ளையின் தரத்தைச் சொல்கின்றன. அவற்றை வீட்டில் செய்துவரச் சொன்னால் நாம் அளப்பது பிள்ளையின் அறிவையா, வீட்டின் அலைக்கற்றையையா? கணினியும் அச்சுப்பொறியும் உள்ள வீட்டிலிருந்து வண்ணத்தில் வரும் ஃபோலியோவுக்கும், கையால் எழுதி ஒட்டி வரும் ஃபோலியோவுக்கும் கண் தானாகவே வேறு மதிப்பைக் கொடுத்துவிடும். எந்த ஆசிரியரும் வேண்டுமென்று அப்படிச் செய்வதில்லை.

"இப்போதெல்லாம் யார் வீட்டில் போன் இல்லை?" என்று கேட்பார்கள். 2020இல் கல்வி அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில் 36.9 விழுக்காடு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. அதன்பின் நிலைமை மாறியிருக்கிறது, உண்மை. தனியார், அரசு சார்ந்த நிறுவனங்கள் சேர்ந்து செர்டிக் திட்டத்தில் 1,50,000 கருவிகள் கொடுக்க முன்வந்தன, திறன்பேசியும் மலிந்துவிட்டது. ஆனால் வீட்டில் போன் இருப்பதும், பிள்ளைக்குப் படிக்கப் போன் கிடைப்பதும் வெவ்வேறு. உள்ளங்கை அகலத் திரையில் கட்டைவிரலால் இரண்டு பக்க அறிக்கை எழுதிப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். 2020 ஜூனில் சபாவின் பீத்தாஸ் பகுதியில் ஒரு மாணவி அலை கிடைப்பதற்காக மரத்தின்மேல் இரவைக் கழித்துத் தேர்வு எழுதினார். நாடே அவரைப் பாராட்டியது. பாராட்டியதோடு சரி, பிள்ளை மரமேறாமல் படிக்கும்படி பாடத்தை மாற்றலாமே என்ற பேச்சு அடங்கிவிட்டது.

இன்னொரு முரண்பாடும் உண்டு. மாணவர்கள் பள்ளிக்குக் கைத்தொலைபேசி கொண்டுவரக் கூடாது என்பது நெடுநாள் விதி. நல்ல விதி, அதை நாம் ஆதரிக்கிறோம். கவனம் சிதறும், சண்டை வரும், படம் எடுத்துக் கேலி செய்வார்கள் என்று காரணம் சொல்கிறோம். ஆனால் பள்ளிக்குள் வேண்டாம் என்று பிடுங்கிவைக்கும் அதே பொருளை வீட்டில் இரவு 10 மணிக்குக் கண்காணிக்க ஆளில்லாத நேரத்தில் பாடத்தின் பேரால் கையில் கொடுக்கிறோம். அதிகாலையில் வேலைக்குப் போக வேண்டிய அம்மா அதற்குள் படுத்துவிட்டிருப்பார். காணொலி முடிந்ததும் திரை எங்கே போகிறது என்று யார் பார்ப்பது?

நம் நாட்டில் வகுப்பறைத் தொழில்நுட்பத்தின் கதை நீளமானது. 1999இல் 88 பள்ளிகளில் விவேகப் பள்ளிச் சோதனை. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது ஆசிரியருக்கு மடிக்கணினி, வகுப்புக்கு எல்.சி.டி. ஒளிவீச்சி. 2011இல் ஒப்பந்தமான 1பெஸ்தாரிநெட் சுமார் 10,000 பள்ளிகளை 4ஜி இணையத்தால் இணைக்கப் புறப்பட்டது. அதன் மெய்நிகர் கற்றல் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. 2019இல் அந்தத் திட்டம் முடிந்தது. 2020 ஜூனில் டெலிமா கற்றல் தளம். 2023 நவம்பரில் இலக்கவியல் கல்விக் கொள்கை. பெயர்கள் மாறின. ஒவ்வொரு முறையும் கருவி முதலில் வந்தது, அதை வைத்துப் பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்வி பின்னால் வந்தது. பெரு நாடும் ஏழைப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தது. கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்று 2012இல் ஆய்வு காட்டியது. ஆகவே கேமரன் மலைக்கு நாம் ஆளுக்கொரு டேப்லட் கேட்கவில்லை.

ஐந்து பேருக்கு ஒன்று போதும். வேலையை வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும். என்ன வேலை என்றால், இந்த மலையையே எடுத்துக்கொள்ளலாம்.

ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் கொழுந்து 1 கிலோ தேயிலைத் தூளாகிறது. மீதி 4 கிலோ எங்கே போனது? ஒரு கைப்பிடிக் கொழுந்தைச் சமையல் தராசில் நிறுத்து, தட்டில் பரப்பி, வகுப்பில் வாட விட்டு மணிக்கொருமுறை எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒருவன் நிறுக்கிறான், ஒருத்தி நேரம் பார்க்கிறாள், ஒருவன் அட்டவணையில் ஏற்றுகிறான். எண்கள் திரையில் கோடாகச் சரியும்போது விழுக்காடும் வரைபடமும் ஆவியாதலும் ஒரே பாடமாகிவிடும். தோட்டத்துப் பிள்ளை அந்த வகுப்பில் பின்தங்கியவன் இல்லை. வாடிய கொழுந்து விரலில் எப்படி இருக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் வேலை செய்யும் தன் மாமாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டவன் அவன்தான்.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. தானா ராத்தாவில் வானிலை நிலையம் இருக்கிறது. பிளாஸ்டிக் போத்தலை வெட்டி, அளவுகோல் ஒட்டி, ரிங்லெட்டிலும் பிரிஞ்சாங்கிலும் கம்போங் ராஜாவிலும் வீடுள்ள பிள்ளைகள் தத்தம் வாசலில் வைத்துவிட்டு, காலையில் எண்ணை மட்டும் நோட்டில் குறித்து வரட்டும். வீட்டுப்பாடம் என்றால் இதுதான் வீட்டுப்பாடம். இதற்கு அலை தேவையில்லை. பள்ளிக்கு வந்ததும் எண்களைக் கணினியில் சேர்த்து நிலையத்தின் அளவோடு ஒப்பிடலாம். ஒரே மாவட்டத்தில் ஓரிடத்தில் நனைந்தும் ஓரிடத்தில் காய்ந்தும் கிடப்பது ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

அந்தக் கேள்வி இங்கே வெறும் பாடக் கேள்வியும் அன்று. 2013 அக்டோபரில் கனமழையின்போது ரிங்லெட் நீர்த்தேக்கத்தின் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் நீரும் வீடுகளை அடித்துச் சென்றன; உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு நவம்பரிலும் சேற்று வெள்ளம் உயிர்களைப் பறித்தது. மேலே காடு வெட்டிய மண் ஆற்றில் இறங்கி நீர்த்தேக்கத்தை நிரப்புவதை இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். மழைக்கு முன்னும் பின்னும் ஓடை நீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துவந்து, மண் படியும் உயரத்தை அளந்து, படமெடுத்து, மாதாமாதம் வரிசைப்படுத்தினால் புவியியல் பாடத்தின் களப்பணி தானே அமைந்துவிடும். நீரோடு உரம் கலந்து சொட்டுச் சொட்டாக விடும் ஃபெர்டிகாசி முறையைத் தொழில்நுட்பப் பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளைக்கு, சாலையோரத் தக்காளிக் கூடாரம் ஒவ்வொன்றும் ஆய்வுக்கூடம்.

பாட்டிமார்களையும் விட்டுவிடக் கூடாது. இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். கூடை சுமந்து பறித்த நம் தலைமுறை முதுமையில் இருக்கிறது. பள்ளியின் டேப்லட் ஒன்றை வார இறுதிக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தனுப்பினால், பேரப்பிள்ளை பத்து நிமிடம் குரலைப் பதிவுசெய்து வரும். பதிவுசெய்ய இணையம் வேண்டாம். வரலாற்று வகுப்பில் அதை மலாயில் எழுதும்போது மொழிப்பயிற்சியும் கிடைக்கும்.

குழுவாகச் செய்வதில் ஒரு கேடு உண்டு, அதை மறைக்கக் கூடாது. வீட்டில் கணினி உள்ள பிள்ளையின் கைக்கே டேப்லட் போய்ச்சேரும். கூச்சமுள்ள பிள்ளை எட்டி நின்று பார்க்கும். முறைவைத்துக் கைமாற்ற வேண்டியது ஆசிரியரின் வேலை. ஆசிரியருக்கு ஏற்கெனவே இணையத்தில் நிரப்ப வேண்டிய விவரங்கள் தலைக்குமேல் இருக்கின்றன. ஆகவே கணினி அறைக்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்று மாவட்டக் கல்வி இலாகாவைக் கேட்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் அந்த அறை திறந்திருக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இந்தக் கோரிக்கையை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம் தங்கினால் பேருந்து போய்விடும் என்பது பிள்ளைகளின் பயம். நியாயமான பயம். தோட்டச் சாலையில் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கும் நாட்கள் உண்டு. இங்கேதான் தோட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. இந்த மலையில் போ தோட்டம் தொடங்கிய 1929இலும் அந்தச் சட்டம்தான் நடப்பில் இருந்தது. அன்று சட்டம் தோட்டத்திடம் ஒரு பள்ளிக்கூடம் கேட்டது. இன்று நாம் கேட்பது செவ்வாயும் வியாழனும் மாலை நாலு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கும் ஒரு வேன்.