வீட்டில் மிஞ்சும் காசும் வருமானம்தான்

“வீட்டில் அவ என்ன செய்கிறா?” என்று யாராவது கேட்டால், “ஒன்றுமில்லை, சும்மாதான் இருக்கிறா” என்று பதில் சொல்வது நம்மவர்களின் வழக்கம். கடைக் கணக்கில் ஐந்து ரூபாய் பிசகினாலும் தூக்கம் வராத வியாபாரிகள், வீட்டுக் கணக்கில் இவ்வளவு பெரிய தொகையை எப்படி விட்டுவிடுகிறோம்?

பலசரக்குக் கடைக்காரர் ஒருவருக்கு விற்பனையில் நூற்றுக்குப் பத்து ரூபாய் இலாபம் என்று வைப்போம். ஆயிரம் ரூபாய் இலாபம் காண அவர் பத்தாயிரம் ரூபாய்க்கு விற்க வேண்டும். அதிலும் வாடகை, மின்கட்டணம், பழுதாகும் சாமான், திரும்பி வராத கடன் எல்லாம் கழியும். அதே ஆயிரத்தை வீட்டில் இருப்பவர் மிச்சம் பிடித்தால் அதில் கழிவே இல்லை. அப்படியானால் அவரும் உழைக்கிறார் என்றுதானே அர்த்தம்?

2022ஆம் ஆண்டு இதை நமக்கு நன்றாகக் காட்டியது. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாயானது. செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டை விட 94.9 வீதம் கூடியிருந்ததாகக் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் சொன்னது. நமது வருமானம் இரட்டிப்பாகவில்லை. ஆனாலும் அடுப்பு எரிந்தது. பால்தேநீர் பிளேன்டீ ஆனது, விறகடுப்பு திரும்பி வந்தது, வளவு முருங்கைக் கீரை கறியானது, மூத்த பிள்ளையின் சீருடை இளையதுக்கு அளவாகத் தைக்கப்பட்டது. இவற்றில் எதையும் கடையிலிருந்து நாம் செய்யவில்லை.

யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் நம்மை வெளியேற்றியபோது, யாழ் நகரில் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். கையில் கொண்டுபோக விட்டது ஆளுக்கு 150 ரூபாய். பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த நகைகளும் பறிபோயின. புத்தளத்து முகாம்களில், நிவாரண அரிசியை அளந்து பொங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நமது உம்மாமார்தான்.

ஆனால் இரண்டு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, சிக்கனம் என்பது உம்மாவின் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைப்பதல்ல. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை அவர் உண்பது சேமிப்பாகாது. இன்று மிஞ்சியதுபோல் தெரியும் காசு, நாளை மருந்துக் கடைக்குப் போகும்.

இரண்டாவது, அவர் மிச்சம் பிடித்ததைக் கடையின் ஓட்டையை அடைக்க எடுக்கக் கூடாது. அது போதாதென்று அவர் பெயரிலேயே நுண்கடனும் எடுத்தால், வாரா வாரம் வாசலில் வந்து நிற்பவருக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அந்தச் சுமை முற்றியது. வட்டியை ஹராம் என்று நம்புகிற நாம், அதை மனைவியின் கையெழுத்தில் வீட்டுக்குள் கொண்டுவரலாமா?

செய்யக்கூடியது அதிகமில்லை. வீட்டுச் செலவுக்கு ஒரு கொப்பி வையுங்கள், இருவரும் எழுதுங்கள். அரிசியை அறுவடைக் காலத்தில் மூட்டையாக எடுத்துக் கொடுங்கள். கிலோக் கணக்கில் சில்லறையாக வாங்குவதன் நட்டம் வியாபாரிக்குத் தெரியாததல்ல. நம் பழைய வீடுகளின் பிடியரிசிப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதை அவர் பெயரிலுள்ள கணக்கில் போடுங்கள். அவசரத்துக்கு அதில் கை வைத்தால் கடன் என்று கொப்பியில் எழுதி, சொன்ன தவணையில் திருப்பிக் கொடுங்கள். மொத்த வியாபாரியிடம் தவணை தவறினால் அடுத்த முறை சாமான் கிடைக்காது என்று நமக்குப் பயம் இருக்கிறது. அந்தப் பயத்தில் பாதியாவது வீட்டிலும் இருக்கட்டும்.