பானெட்டில் விழுந்த தேங்காய்: பெயின்ட் அடிக்காமல் ஒடுக்கு எடுக்கலாமா?

கேள்வி: ‘‘தோப்பில் நிறுத்தியிருந்த மினி வேனின் பானெட்டில் தேங்காய் விழுந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு விழுந்துவிட்டது. பின்கதவும் கல்தூணில் இடித்து மடங்கியிருக்கிறது. இரண்டுக்கும் பட்டி வைத்து பெயின்ட் அடிக்க வேண்டும் என்கிறார்கள் பட்டறையில். சீக்கிரமே வண்டியை விற்கும் எண்ணம் உள்ளது. பெயின்ட் அடிக்காமல் சரிசெய்ய வழி உண்டா?’’

- பொள்ளாச்சி பகுதி வாசகர்.

பதில்: பானெட்டுக்கு வழி இருக்கிறது, பின்கதவுக்கு பெரும்பாலும் இல்லை. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

வண்டியின் வெளித்தகடு 1 மி.மீட்டருக்கும் குறைவான கனம் கொண்டது. தேங்காய் போன்ற உருண்டையான பொருள் விழுந்தால், தகடு பரவலாக, ஆழமில்லாமல் அமுங்கும். மேலே இருக்கும் கம்பெனி பெயின்ட் ஓரளவு வளைந்து கொடுப்பதால், வெடிக்காமல் தப்பித்துவிடும். அப்படித் தப்பியிருந்தால், தகட்டை உள்பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இதைத்தான் ‘பெயின்ட்லெஸ் டென்ட் ரிப்பேர்’ என்கிறார்கள்.

பட்டறைக்குப் போகும் முன்பு வீட்டிலேயே நான்கு விஷயங்களைப் பார்த்துவிடலாம். வண்டியைக் கழுவித் துடைத்து, ஒடுக்கின் மேல் நகத்தால் மெதுவாக வருட வேண்டும். நகம் எங்காவது தட்டினால், பெயின்டில் வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, ஒடுக்கு தகட்டின் நடுவில் இருக்கிறதா, ஓரத்திலோ மடிப்புக்கோட்டிலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் எளிது. மூன்றாவது, பின்புறமிருந்து கையோ கம்பியோ எட்டுமா என்பது. நான்காவது, அந்த இடத்தில் ஏற்கெனவே பட்டி வைத்திருக்கிறார்களா என்பது. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தால், பட்டி கனமாக உள்ள இடத்தில் பிடிப்பு குறையும். அங்கே இந்த முறை சரிப்படாது. பெயின்ட் பெயர்ந்து வந்துவிடும்.

பானெட்டின் அடியில் ஒரு சட்டத் தகடு இருக்கும். அதிலுள்ள துவாரங்கள் வழியாக, முனை வழவழப்பான வளைந்த கம்பியை நுழைத்து நெம்புவார்கள். கோடுபோட்ட விளக்குப் பலகையை எதிரே வைத்து, அதன் பிம்பம் தகட்டில் எங்கே வளைகிறது என்று பார்த்தபடியே ஒவ்வொரு புள்ளியாகத் தள்ளுவார்கள். ஒடுக்கைச் சுற்றி மேடு தட்டியிருந்தால், நைலான் முனையால் தட்டி அமுக்குவார்கள். கம்பி எட்டாத இடத்தில், சூடான பசையால் ஒரு பிளாஸ்டிக் குமிழை ஒட்டி வெளியே இழுப்பார்கள். பொறுமை தேவைப்படும் வேலை இது. உள்தகட்டில் புதிதாகத் துளை போடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. துளை போட்ட இடம் துருவுக்கு வாசலாகிவிடும்.

உள்ளேயிருந்து சுத்தியலால் ஓங்கி அடிப்பது கூடவே கூடாது. அடிபட்ட தகடு நீண்டு, புடைத்துக்கொள்ளும், பெயின்டும் வெடிக்கும். அதன் பிறகு யாரிடம் கொண்டுபோனாலும் பட்டிதான். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி, ஐஸ் வைத்தால் ஒடுக்கு தானாக எழும்பும் என்று சொல்வதை நம்பி இறங்க வேண்டாம். இரும்புத் தகட்டில் அது அநேகமாகப் பலிக்காது. பிளாஸ்டிக் பம்பர் என்றால் கதை வேறு. வெந்நீர் ஊற்றி, இளகியதும் கையுறை அணிந்து உள்ளேயிருந்து தள்ளினால் பெரும்பாலும் எழும்பிவிடும்.

பின்கதவு கூர்மையாக மடங்கி, பெயின்டும் வெடித்திருந்தால் டிங்கரிங், பெயின்டிங் தவிர வேறு வழியில்லை. ஆனால், விற்கும் வரை அப்படியே விட்டுவிடக்கூடாது. உர மூட்டையும் சாணமும் ஏற்றும் வண்டியில், உப்பும் ஈரமும் சேர்ந்து வெடிப்புக்குள் இறங்கினால் பெயின்டுக்கு அடியிலேயே துரு பரவும். உடனே கழுவி உலர்த்தி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி வைத்தால் வேலை பெருகாது.

பழைய வண்டி வாங்க வருபவர்கள், நிறம் மாறிய பானெட்டைப் பார்த்ததும் ‘விபத்து வண்டியோ?’ என்றுதான் முதலில் சந்தேகப்படுவார்கள். அதனால், கம்பெனி பெயின்டைக் காப்பாற்றுவது விலையைக் காப்பாற்றுவதற்குச் சமம். பின்கதவு இடித்த விஷயத்தை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

இன்ஷூரன்ஸ் கேட்கும் முன்பும் ஒரு கணக்கு போட வேண்டும். கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கு, சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவிகிதத்தில் தொடங்கி 50 சதவிகிதம் வரை தள்ளுபடி கிடைக்கும். சின்ன ஒடுக்குக்காக கிளைம் செய்தால், அது போய்விடும். வண்டியை விற்றாலும், அந்தத் தள்ளுபடியை உரிமையாளர் தன் அடுத்த வண்டிக்கு மாற்றிக்கொள்ள முடியும். எனவே, பழுதுச் செலவையும் தள்ளுபடியையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம்.

முற்றிய குலை தொங்கும் மரத்தடியில் வண்டியை நிறுத்தாமல் இருப்பது, எந்தச் செலவும் இல்லாத பாதுகாப்பு.